ஒன்பதாவது விதி

ஜன. 27, செவ்வாய்

கடும் பனி. வாசலில் நின்றால் எதிரே வாய்க்கால் தெரியவில்லை, தண்ணீர்ச் சத்தம் மட்டும். கல்லூரி பஸ் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து வந்தது. இருபது நிமிடம் தாமதம்.

ஆபீஸில் புது வேலை. வெளிநாட்டு மாணவர்களுக்குப் பயணப் பாதுகாப்புக் கையேடு. சார் என் தலையில் கட்டிவிட்டார். “பத்தே பாயிண்ட் போதும்மா. புள்ளைங்க படிக்கணும்ல?” நான் திருச்சியைத் தாண்டியதே இரண்டு தடவைதான். கடல் கடந்து வந்த பிள்ளைகளுக்கு நான் அறிவுரை!

இதுவரை எழுதியதில் சில:
1. வலங்கைமானுக்குக் கடைசி டவுன் பஸ் 5.40. முன்பக்கம் உட்காரவும்.
2. ஆட்டோ நம்பரைப் படம் பிடித்துத் தோழிக்கு அனுப்பிவிட்டு ஏறவும்.
4. வண்டி ஓட்டும்போது போனை எடுக்காதீர்கள். அம்மாவே அழைத்தாலும்.
5. ஹெல்மெட். பக்கத்துத் தெருவுக்கானாலும்.
7. வாய்க்காலில் இறங்காதீர்கள். ஆழம் எங்களுக்கே தெரியாது.
9. அறுவடைக் காலத்தில் ரோட்டில் நெல் காயும். சுற்றிக் கல் வைத்திருப்பார்கள். நெல்லை அள்ளிய பிறகும் கல் அங்கேயே கிடக்கும். கவனம்.

வாங்க வேண்டியது: மஞ்சள் தூள், தார்ப்பாய்க்குக் கயிறு, தலைவலி மாத்திரை.

ஜன. 28, புதன்

பனிதான். நம் நெல்லை ஈரம் அதிகம் என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பிவிட்டார்கள். களத்தில் இடமில்லை. வாய்க்கால் சாலையில் பாதி அகலத்துக்குப் பரப்பியாயிற்று. சுற்றிலும் கல். ஒன்று எங்கள் வீட்டு உடைந்த அம்மியில் பாதி. கொல்லையில் கிடந்ததை இவர் தூக்கிக்கொண்டு போனார்.

சாப்பிடும்போது கையேட்டை வாசித்துக் காட்டினேன். எட்டு வரைக்கும் தலையாட்டினார். ஒன்பதில் கை நின்றது.

“ரோட்டுல காயப்போடாதீங்கன்னு போலீஸு வந்து சொல்லிட்டுப் போயிருக்கு. நீ அதைக் காலேஜ் புஸ்தகத்துல அச்சடிச்சுக் குடு. நல்லாருக்கும்.”

“ஊர் பேரு போடலைங்க.”

“இந்த ரோட்டுல யாரு நெல்லு காயுதுன்னு ஊருக்கே தெரியும், கலா.”

கோபம் வந்தது. பிறகு அவர் கையைப் பார்த்தேன், நாள் பூராவும் நெல் தள்ளிக் கொப்புளம். ஒன்பதை அடித்துவிட்டேன். அந்த இடத்தில்: ‘வெயில் அதிகம். தண்ணீர் நிறையக் குடிக்கவும்.’ வெட்கம்தான். எழுதிவைக்கிறேன், மறந்துபோகாமல் இருக்க.

ஜன. 30, வெள்ளி

கையேடு அச்சாகி வந்தது. பச்சை அட்டை. சார் காற்புள்ளி இரண்டைத் திருத்திவிட்டு, தானே எழுதியதுபோல எல்லோருக்கும் கொடுத்தார்.

நீமா ஆபீஸுக்கு வந்தாள். தான்சானியாப் பெண், மண்ணியல் முதுகலை, தமிழ் பேசப் பழகிவிட்டாள், வலங்கைமானில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். லேப் முடிய ஆறு ஆகிறது, 5.40 பஸ்ஸைப் பிடிக்க முடியவில்லை. பழைய ஸ்கூட்டி வாங்கிவிட்டாளாம். லைசென்ஸ் காட்டினாள், ஹெல்மெட்டைத் தட்டிக் காட்டினாள்.

“அக்கா, உங்க புக் மனப்பாடம். கேளுங்க.”

நாலு என்றேன். “போன் எடுக்க மாட்டேன். அம்மா கூப்பிட்டாலும் எடுக்க மாட்டேன்.” ஒன்பது என்றேன், ஏன் கேட்டேனோ. “தண்ணி! நிறைய தண்ணி!” சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

எந்த வழியாக வருகிறாய் என்றேன். வாய்க்கால் சாலை. அதுதான் குறுக்கு வழி, லாரி கிடையாது, அழகாக இருக்கிறதாம்.

மெதுவாகப் போ என்று மட்டும் சொன்னேன். மதியச் சாப்பாட்டைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஜன. 31, சனி

விடுமுறை. நாள் முழுக்க நெல் கிளறினேன். கண், கழுத்து எல்லாம் அரிப்பு. சாயங்காலம் ஒரு பால்காரர் வண்டி கல்லில் தட்டி ஆடியது. விழவில்லை. “ஆளு விழுந்தாத்தான் எடுப்பீங்களா?” என்று கத்திவிட்டுப் போனார். இவர் காதில் வாங்கவில்லை. நான் குனிந்து நெல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிப். 1, ஞாயிறு

மதியத்துக்கு மேல் கருத்துக்கொண்டு வந்தது. ஊரே ஓடியது. அரை மணியில் எல்லாம் சாக்கில் ஏறி, டிராக்டரில் கொள்முதல் நிலையத்துக்குப் போய்விட்டது. கடைசியில் நாலு சொட்டோடு சரி. இன்னும் நாலு மூட்டை மட்டும் ஈரம். அதை நாளைக்குப் பரப்ப வேண்டும்.

“என்னங்க, கல்லை எடுத்திடலாமே?”

“கெடக்கட்டும். எடுத்தா விடியுறதுக்குள்ள பக்கத்து வீட்டுக்காரன் பரப்பிடுவான். அப்புறம் நாம எங்க போறது?”

மூட்டைகளுக்குக் காவலாக அவர் கொள்முதல் நிலையத்துக்குக் கிளம்பிவிட்டார்.

வெறும் ரோடு, நடுவே வரிசையாகக் கல். நெல் இருந்தால் மஞ்சளாவது தெரியும். நானே போய் உருட்டித் தள்ளிவிடலாமா என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ‘வாய்க்கால் சாலையில் கல் கிடக்கிறது’ என்று அடித்தேன். சாரும் குழுவில் இருக்கிறார். யார் வைத்த கல், உங்கள் ஊர்தானே என்பார். அழித்தேன். ‘நாளை பனி இருக்கும், மெதுவாக வரவும்’ என்று போட்டேன். முதல் ஆளாக நீமா கட்டைவிரலும் இதயமும்.

பிப். 2, திங்கள்

தஞ்சாவூர் ஆஸ்பத்திரி. வராண்டா பெஞ்சு. மடியில் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணல்.

காலை. இதுவரை பார்க்காத பனி. பஸ்ஸில் ஏறியதும் டிரைவர் ஒடித்துத் திருப்பினார். “எவன்யா இது, நட்டநடு ரோட்டுல கல்லு!” நிறுத்துங்க அண்ணே என்றேன். “பின்னாடி வண்டி வருதும்மா. இந்தப் பனியில நிறுத்துனா மேலேயே ஏத்திடுவான்.”

நீமாவுக்குப் போன். எடுக்கவில்லை. மறுபடி. மறுபடி. ஏழு தடவை. அவள் எடுக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். அவருக்கு அடித்தேன். “மூட்டையை விட்டுட்டு எப்புடி வர்றது? சரி, வர்றேன்.” அவர் போய்ச் சேரும்போது ரோட்டில் கூட்டம், நடுவே விழுந்து கிடந்தாள் நீமா.

ஹெல்மெட் தலையைக் காப்பாற்றியது. தொடை எலும்பு முறிவு. வயிற்றுக்குள் ரத்தக் கசிவு. “இப்ப ஒண்ணும் சொல்ல முடியாதும்மா” என்கிறார் டாக்டர். ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோகும் முன் என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, நீங்க போன் பண்ணீங்க. நான் எடுக்கலை. நாலு.”

“தெரியும்டா.”

“தண்ணி குடுங்க அக்கா. ஒன்பது.” சிரிக்கப் பார்த்தாள்.

ஒரு சொட்டும் கொடுக்கக் கூடாது என்றார் நர்ஸ்.

போலீஸ்காரர் தன் போனில் படம் காட்டினார். சாய்ந்து கிடக்கும் ஸ்கூட்டி, பக்கத்தில் புரண்ட கல். அம்மியின் பாதி. வழவழப்பான பக்கம் மேலே. எட்டு வருஷம் அதில் அரைத்திருக்கிறேன். “யாரு கல்லுன்னு ஊர்ல ஒருத்தரும் வாயத் தொறக்கலம்மா” என்றார். நானும் திறக்கவில்லை.

சார் விபத்து அறிக்கைப் படிவம் கொண்டுவந்தார். “காரணம்னு இருக்குல்ல, அதுல பனின்னு போட்டுடுங்கம்மா. எல்லாருக்கும் நல்லது.” டீ குடிக்கப் போயிருக்கிறார். அந்தக் கட்டம் இன்னும் காலி.

நீமாவின் போன் என் பையில். திரை உடைந்திருக்கிறது, ஆனால் வேலை செய்கிறது. என் ஏழு அழைப்புகளும் அதில் வரிசையாக. அதற்கு மேல் இப்போது அவள் அம்மாவின் அழைப்பு. படத்தில் மஞ்சள் துணி தலையில் கட்டிய பெண், நீமாவின் அதே பல்வரிசை. அடித்து ஓய்ந்து மறுபடி அடிக்கிறது. மூன்றாவது தடவை.

எடுக்கிறேன். பனி என்று சொல்ல மாட்டேன்.