கீழ்த்தளத்துக்கு ஐந்து சதவீதம்

பணி நாள் 212 – காலை 08.10

வழக்கமான பதிவு. மெயின்ஃபிரேம் நலம். பஃபர் பூல் நலம். எழுதுபவள் அமலி, நிலையம் ஏழின் டேட்டாபேஸ் பொறுப்பாளர். விண்வெளியில் மிதக்கும் இந்தச் சுரங்கக் கல்லில் இந்த வேலை தெரிந்த வேறு ஆள் கிடையாது. எனக்குப் பின்னால் வருகிறவர் தலையைப் பிய்த்துக்கொள்ளாமல் இருக்க விளக்கமாகவே எழுதுகிறேன்.

இங்கே கூடங்களைக் காற்றால் நிரப்புவதில்லை. கம்பெனிக்கு அது வீண் செலவு. ஆளுக்கொரு குழாய், குழாய்க்கொரு வால்வு. ஒவ்வொரு சுற்றிலும் வால்வு மெயின்ஃபிரேமிடம் கேட்கும்: இந்த ஆளுக்கு எவ்வளவு? அந்த ஆளின் கணக்குள்ள பக்கம் நினைவகத்தில், அதாவது பஃபர் பூலில், இருந்தால் பதில் உடனே வரும். இல்லையென்றால் டிஸ்க்கிலிருந்து தூக்கி வர வேண்டும். பதில் தாமதமானால் அந்தச் சுற்றில் வால்வு திறக்காது. அடுத்த சுற்றுவரை மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

பூலில் இடம் போதாவிட்டால் இயந்திரம் சில பக்கங்களை வெளியே தள்ளும். தள்ளக் கூடாத பக்கத்துக்கு நாம் பின் குத்தி வைக்கலாம். அவசரத்துக்காகக் கண்டுபிடித்த வசதி. நம் ஆட்கள் அதைச் சிபாரிசு ஆக்கிவிட்டார்கள். மேலாளர் குலசேகரனுக்கு ஒரு பின். அவர் மனைவிக்கு, மச்சானுக்கு, மச்சானின் சீட்டாட்டக் கூட்டாளிக்கு. ஆளுக்கு மட்டுமல்ல, அவர்களுடைய சமையலறைக்கும் வெந்நீருக்கும்கூட. மேலாளரின் மாமனார் செத்துப்போய் ஒரு வருடமாகிறது. அவர் அறைக்குக் காற்று இன்னும் ஜம்மென்று போய்க்கொண்டிருக்கிறது. அந்தப் பின்னை எடுக்கச் சொன்னால் மேலாளர் மனைவி வருத்தப்படுவாராம்.

பின் குத்த எனக்கு அதிகாரம் உண்டு; இயந்திரம் நிற்கக் கூடாதென்று எனக்கும் ஒரு பின் உண்டு. எடுக்கும் கடவுச்சொல் மேலாளரிடம் மட்டும். எனக்கு முன்பிருந்தவர் கோபத்தில் யாருடைய பின்னையோ பிடுங்கிவிட்டாராம், அதனால் இந்த ஏற்பாடு.

என் கணவர் இருதயராஜ் கீழ்த்தளத்தில் துளைப்பான் ஓட்டுகிறார். அவருக்கு நான் பின் குத்தவில்லை. அவரும் கேட்டதில்லை. இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

பணி நாள் 212 – முற்பகல் 10.45

நினைவக அட்டை ஒன்று கருகிவிட்டது. அறை முழுக்க நாற்றம். பூல் பாதிக்கும் கீழே சுருங்கிவிட்டது. மாற்று அட்டை சரக்குக் கப்பலில் வரும். கப்பல் அடுத்த மாதம் வரும்.

பின் குத்திய பக்கங்களை இயந்திரம் தொடாது. அவை போக மீதி ஐந்து சதவீதம். கீழ்த்தளத்தில் இருநூறுக்கு மேல் ஆட்கள், அத்தனை பேரும் அந்த ஐந்துக்குள் முட்டி மோத வேண்டும். சம்பளக் கணக்கு, தாதுக் கணக்கு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். அப்படியும் அவர்களுக்கு மூன்று சுற்றுக்கு ஒரு சுற்றுதான் காற்று கிடைக்கிறது. சாக மாட்டார்கள். ஆனால் எழுந்து நடக்கவும் முடியாது, வேலையை விட்டுவிட்டுப் படுக்கைகளில் கிடக்கிறார்கள்.

கையால் திறக்கும் திருகுகள் முன்பு இருந்தன. தொழிலாளிகள் திருட்டுக் காற்று குடிக்கிறார்கள் என்று கம்பெனி கழற்றிவிட்டது. தளக் கதவும் இதே இயந்திரத்தைக் கேட்டுத்தான் திறக்கும்.

மேலாளருக்குப் பேசினேன். பதில்:

“அமலி, நான் இன்ஸ்பெக்‌ஷன் மீட்டிங்ல இருக்கேன்மா. மேல ஒரு பின்னையும் தொடக்கூடாது. இங்க ஒரு நிமிஷம் காத்து நின்னா என் மானம் போயிரும். கீழ உள்ளவங்க உழைச்ச உடம்பு, தாங்குவாங்க. மீட்டிங் முடியட்டும், பாத்துக்கலாம்.”

அவர் மாமனார் அறையின் அளவுமானியைப் பார்த்தேன். முழு ஓட்டம்.

பணி நாள் 212 – நண்பகல் 12.20

கீழ்த்தளத்திலிருந்து, படுக்கை ஒலிவாங்கி வழியே, இருதயராஜ்:

“ஏட்டி அமலி, நெஞ்சு இறுக்குது. அதைவிடு. பக்கத்துப் படுக்கைல செண்பகம், இப்பதான் வேலைக்குச் சேந்த புள்ள, வாயப் பொளந்துக்கிட்டுக் கெடக்கா. என்னதாம் நடக்கு அங்க? உனக்குத் தெரிஞ்சவங்க யாருமே இல்லையா?”

எனக்குத் தெரிந்தவர்கள்! நான்தான் அந்தத் தெரிந்த ஆள்.

கணக்கை எழுதி வைக்கிறேன், பிறகு தெரியாமல் செய்தாள் என்று யாரும் சொல்ல வேண்டாம். பின் இல்லாத இடம் ஐந்து சதவீதத்துக்குக் கீழே போனால் இயந்திரம் நெருக்கடி நிலைக்குப் போகும். ஒரு பக்கத்தை எடுக்கும், ஒரு வரி படிக்கும், தூக்கி எறியும். அடுத்த வரிக்கு மறுபடி டிஸ்க்குக்கு ஓடும். இப்போது இருப்பது சரியாக ஐந்து. இன்னும் ஒரே ஒரு பின் விழுந்தாலும் கீழே போய்விடும்.

அவர் இருமுகிறார். ஒலிவாங்கியை மூடாமலே இருமுகிறார்.

பணி நாள் 212 – நண்பகல் 12.31

குத்திவிட்டேன்.

பணி நாள் 212 – பிற்பகல் 12.50

நெருக்கடி நிலை. டிஸ்க் கதறுகிறது. கீழ்த்தளத்தில் ஒரு வால்வுக்கும் நேரத்துக்குப் பதில் போகவில்லை. ஒன்றே ஒன்றைத் தவிர. அந்த ஒன்று பிரமாதமாக வேலை செய்கிறது.

இருதயராஜ்:

“எனக்குக் காத்து வருது. நல்லா வருது. ஏட்டி, எனக்கு மட்டும் வருது! எதிர்ல கெடக்கவன் உதடு நீலமாயிட்டு. எல்லாரும் என்னையே பாக்காங்க. நீ எனக்குப் பின் குத்திட்டியா? உண்மையச் சொல்லு.”

சொன்னேன்.

“எடு அதை. உன் கால்ல விழுதேன். எடுத்துரு.”

எடுக்க எனக்கு அதிகாரம் இல்லை என்று சொன்னேன். அது உண்மை. அதிகாரம் இருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன். அதுவும் உண்மை, அதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

மேலாளருக்குப் பேசிக்கொண்டே இருக்கிறேன். கடவுச்சொல் வேண்டும், மாமனாரின் பின் ஒன்றை எடுத்தாலே போதும், கீழே எல்லோரும் பிழைத்துக்கொள்வார்கள். பதிலுக்கு ஒரு வரி வந்தது: “மீட்டிங்ல இருக்கேன்னு சொன்னேன்ல.” பின்னணியில் யாரோ சிரிப்பது கேட்டது. குழாயை இழுத்துக்கொண்டே மேலே ஓடிப்போய் மீட்டிங் அறைக் கதவைத் தட்டினேன். மீட்டிங் முடியும்வரை யாரையும் விடக் கூடாது என்று காவலாள் தள்ளிவிட்டான். முழங்கை சிராய்த்துவிட்டது. இந்த நேரத்தில் அது எரிவது எனக்கு எவ்வளவு ஆத்திரமாக இருக்கிறது தெரியுமா.

பணி நாள் 212 – பிற்பகல் 1.25

இருதயராஜின் வால்வின் மூச்சு வரைபடத்தைத் திரையில் பெரிதாக்கி வைத்திருக்கிறேன். ஏற்றம், இறக்கம். மற்றவர்களுடையதைப் பார்க்கவில்லை. பார்த்தால் எண்ணிவிடுவேன்.

வரைபடம் மாறியது. ஏற்றம் சிறிதாகிவிட்டது, வேகமாகிவிட்டது. அது அவர் மூச்சு இல்லை. அவர் மூச்சு நீளமானது, கடைசியில் ஒரு சின்ன தடை இருக்கும். எத்தனை வருடம் பக்கத்தில் படுத்து அதைத் திட்டியிருக்கிறேன்!

அவர் படுக்கையின் ஒலிவாங்கியில் ஒரு பெண் குரல்:

“மைனி... நான் செண்பகம். அண்ணாச்சி அவரு குழாயக் கழத்தி என் மூக்குல வச்சிட்டாவ. நான் வேண்டாம்னு தள்ளுனேன், கையப் புடிச்சு அமுக்கிட்டாவ. இப்ப பிடி விட்டுப்போச்சு. கூப்பிட்டா ஏன்னு கேக்க மாட்டேங்காவ மைனி. இங்க யாருமே ஏன்னு கேக்க மாட்டேங்காங்க.”

அவளை வெறுக்கிறேன். அவள் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. குழாயை அவர் வாயில் திருப்பி வை என்று கத்த நினைத்தேன். கத்தினேன். ஒலிவாங்கியை மூடிவிட்டுத்தான் கத்தினேன்.

பணி நாள் 212 – பிற்பகல் 2.10

டிஸ்க் அமைதியாகிவிட்டது.

பத்து நிமிடம் மூச்சு அசைவு இல்லாத படுக்கைக்காக வால்வு மெயின்ஃபிரேமைக் கேட்பதை நிறுத்திவிடும். அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள், வீண் கேள்விகள் கூடாது என்று. கீழிருந்து ஒன்றைத் தவிர எல்லாக் கேள்விகளும் நின்றுவிட்டன. நெருக்கடி விளக்கு எரிகிறது, ஆனாலும் பதில் வேகம் இந்த வருடத்திலேயே இன்றுதான் மிகச் சிறப்பு.

மேலாளர்:

“அமலி! கலக்கிட்டம்மா! போர்டுல எல்லாம் பச்சையா இருக்கு, இன்ஸ்பெக்டர் கைகுடுத்துட்டுப் போறாரு. என்ன பண்ணினே? எதுவானாலும் அந்த செட்டிங்க அப்படியே வச்சிரு. ஆங், என்னமோ பாஸ்வேர்டு கேட்டியே. இன்னும் வேணுமா?”

வேண்டும் என்று சொன்னேன். தந்துவிட்டார். ஒவ்வொரு எழுத்தாக, பொறுமையாக.

பணி நாள் 212 – பிற்பகல் 2.24

பின்னால் வருகிறவருக்கு: மேல்தளத்துப் பின்கள் அனைத்தையும், என்னுடையதையும், எடுத்துவிட்டேன். பின் குத்திய பக்கங்கள் இருக்கும்வரை பூலை அவற்றுக்குக் கீழே சுருக்க முடியாது, இப்போது முடியும். மேலே உள்ளவர்களின் வால்வுகளும் டிஸ்க்கைக் கேட்டுத்தான் திறக்கும். என் வால்வும்.

இருதயராஜின் பக்கத்தில் உள்ள பின்னை மட்டும் எடுக்கவில்லை. செண்பகம் தூங்கிவிட்டாள் போலிருக்கிறது, வரைபடம் சீராக ஏறி இறங்குகிறது.

இயந்திரம் பூலின் புதிய அளவைக் கேட்கிறது. ஒரு பக்கம் என்று அடித்திருக்கிறேன், அந்தப் பின் குத்திய பக்கத்துக்கு மட்டும் இடம்.

உறுதியா என்று கேட்கிறது. ஆம் என்று அழுத்துகிறேன்.