யார் பக்கத்து ஓட்டை

இல்லை, உன் பக்கம்தான். என் பக்கத்தில் வழுக்கையும் வாய்த்துடுக்கும் உண்டு. இருதயத்தில் ஓட்டை கிடையாது. செத்துப்போன பெண்டாட்டியோடு வழக்காடுகிறவன் இந்தக் குன்னத்துகாலில் நான் ஒருத்தன்தான் இருப்பேன். காலையில் பிலா மரத்தடியில் நீ கவிழ்த்துப் போட்ட உரலைக் கண்டேன். உடனே தொடங்கிவிட்டேன்.

பேத்திக்காக அல்லவா அதை உருட்டிக்கொண்டு வந்தாய்! வீட்டிலிருந்து வாசல் கேட்டு வரைக்கும் அவளால் ஒரே மூச்சில் போக முடியாது. பாதியில் உதடு நீலமாகும், குந்திவிடுவாள்.

"மண்ணுல இருக்காண்டாம். இதுல இரி மக்களே" என்பாய்.

"மகாராணி சிம்மாசனம் ஏறியாச்சு" என்று நான் கேலி செய்வேன். அவள் சிரிப்பாள், மூச்சு வாங்கும். உனக்குக் கோபம் வந்துவிடும்.

"உங்க அம்மைக்க ரெத்தமாக்கும் இது."

"போடி, உனக்க அப்பனுக்க ரெத்தம்."

நான் முடிப்பதற்குள் நீ அடுக்களைக்குப் போயிருப்பாய்.

நீ போன பிறகுதான் அவளுக்கு ஆபரேஷன். நெய்யாற்றின்கரையில் ரயிலேறி, இறங்கி, ஆஸ்பத்திரி பெஞ்சில் இருந்து இருந்து எனக்கு முதுகே இல்லாமல் போயிற்று. ஒரு டாக்டரம்மா நம் குடும்பத்தை வட்டமும் கட்டமுமாக வரைந்தாள். நான் கட்டியது மாமா மகளை. நம் மகளைக் கொடுத்தது உன் தம்பி மகனுக்கு. கோடெல்லாம் ஒரே கட்டத்தில் போய் முட்டின.

"இதாரு அப்பூப்பா?" என்று மலையாளத்தில் என்னைத் தாத்தாவாக்கி அந்தக் கட்டத்தைத் தொட்டாள்.

"எனக்க மாமா. பெண்டாட்டிக்க அப்பன்."

"சொந்தத்துல கெட்டினா இதுக்கு வாய்ப்பு கூடும். ஆனா இதுதான் காரணம்னு உறுதியாச் சொல்ல ஒக்காது."

என் அம்மையும் உன் அப்பனும் கூடப்பிறந்தவர்கள்; பேத்தி பிறந்த நாளிலிருந்து ஒரே ரெத்தத்தைத்தான் நாம் திட்டியிருக்கிறோம்! எனக்குச் சிரிப்பு வந்தது. உள்ளே அவள் நெஞ்சைத் திறக்கப் போகிறார்கள் என்று நினைத்ததும் அது போன இடம் தெரியவில்லை. கதவு மூடியிருந்த நேரமெல்லாம், "என் பக்கம்தான், ஒத்துக்கொள்கிறேன், அவளைத் திருப்பி அனுப்பிவிடு" என்று உன்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அவள் எழும்பி வந்ததும் பேச்சை மாற்றிக்கொண்டேன். என் குணம் உனக்குத் தெரியாதா.

இன்று அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

"ஏட்டி, உனக்க பாட்டி இந்த உரலை எப்பிடி உருட்டினான்னு தெரியுமா? அண்ணைக்கு நல்ல மழை..."

"பிறவு சொல்லுங்க பாட்டா. மிட்டாய்க் கடை அடச்சிருவாவ."

போய்விட்டாள். பிலா மரத்தை ஒரே மூச்சில் தாண்டினாள். உரலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கேட்டு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது.

மழையில் நீ நனைந்ததைத்தான் சொல்ல வந்தேன்.