இரவல் குரல்ல பேசுன என் மச்சானுக்கு

சண்டை போட ஆளில்லாம என்னைய விட்டுட்டுப் போன பாசக்கார மச்சானுக்கு,

கல்லறைத் திருநாளன்னைக்கு அக்காவும் நானும் வந்து பூ வச்சு மெழுகுதிரி ஏத்திட்டுப் போனோமே, அப்பவே சொல்லியிருப்பேன். சாமியார் தீர்த்தம் தெளிச்சுக்கிட்டே வந்தாக. கல்லறையில நின்னு ஒரு சினிமா டைரக்டரை வாய்க்கு வந்தபடி திட்டுனா நல்லாவா இருக்கும்? அதேன் பேசாம வந்துட்டேன். இன்னைக்கு மருந்துக்கடையில கூட்டமில்ல, உக்காந்து எழுதுறேன்.

உங்க படம் வந்துருச்சு மச்சான். நீங்க ஜீப்புக்குப் பக்கத்துல நின்னு ஒரு வரி பேசுனீகளே, அந்தப் படம். உங்க அருவா டைரக்டர் படம். அவரை அப்படிச் சொன்னா உங்களுக்கு மூக்கு மேல கோவம் வரும். வரட்டும். இந்த ஒரு தடவை நான் பேசி முடிக்கிற வரைக்கும் நீங்க குறுக்க பேச முடியாதுல்ல.

அந்த ஆளு படத்துல தேனிக்காரன் பொறக்கும்போதே இடுப்புல அருவாளோட பொறக்குறான். காதுகுத்துன்னா ஒரு வெட்டு, சடங்குன்னா ஒரு குத்து. நம்ம வீட்டுல அருவா எங்கன கெடக்குன்னு உங்களுக்குத் தெரியுமா? எளநி சீவணும்னா பக்கத்து வீட்டுல போயி வாங்கிட்டு வருவீக. இருபது வருசம் கம்பத்துலருந்து கேரளா எஸ்டேட்டுக்கு ஜீப் ஓட்டுனீக, எவனையாவது வெட்டியிருக்கீகளா? வழியில மாடு நின்னாக்கூட ஹாரன் அடிக்காம காத்துக் கெடப்பீக. ஆனா அவரு படம் எது வந்தாலும் முதல் விசில் உங்க விசில்தேன். "மனுச மூஞ்சியை எடுக்கத் தெரிஞ்ச ஆளு மேரி"ம்பீக.

சரி, எனக்குப் பிடிச்ச டைரக்டர் மட்டும் யோக்கியமான்னு கேப்பீக. தூங்குமூஞ்சி டைரக்டர்னு நீங்கதேன் பேரு வச்சீக. வைகை அணையில ஒரு குடும்பம் புளிச்சோத்துப் பொட்டலம் பிரிச்சு, தின்னு, கை கழுவி, எலையை மடக்கிப் போடுற வரைக்கும் கேமரா அசையாது. நீங்க கொறட்டை விட்டீக. முன் சீட்டுக்காரரு திரும்பிப் பாத்தாரு, எனக்கு மானமே போச்சு. அவரு படத்துல கதை வரும் வரும்னு உக்காந்திருந்தா பஸ்ஸுதேன் வரும். அதுவும் போயிரும். ஒத்துக்கிடுறேன்.

ஆனா அவருக்குக் காது உண்டு மச்சான். நடிக்கிறவுக பேசுறது அங்கனயே பதிவாகும், பெறகு ஸ்டுடியோவுல வச்சு டப்பிங் கெடையாது. காத்தடிச்சா காத்து, இருமுனா இருமல். கெழவர் ஒருத்தர் வெத்தலையை ஒதுக்கிக்கிட்டுப் பேசுனா பாதிப் பேச்சு புரியாது. ஆனா அது அவரு பேச்சு.

இப்பப் புதுசா ஒருத்தர் வந்திருக்காரு. நீங்க பாக்கல. டிரோன் தம்பி. எல்லாத்தையும் வானத்துலருந்துதேன் எடுப்பாரு. மேலருந்து பாத்தா நம்ம பள்ளத்தாக்கு பச்சைப் பாய் விரிச்ச மாதிரி இருக்காம், மெட்ராஸ்ல எல்லாரும் வாயைப் பொளக்குறாக. தம்பி ஒரு நாளாச்சும் கீழ எறங்கி, மருந்தடிச்ச திராட்சைப் பந்தலுக்குள்ள குனிஞ்சு நடந்து பாக்கட்டும், அப்பத் தெரியும். தும்மித் தும்மி எங்க கடைக்குத்தேன் வரணும்.

இந்த மூணு பேரையும் வச்சு நாம விடிய விடியப் பேசலாம். எனக்கு இப்ப அது முக்கியமில்ல. அக்காவைப் பத்திச் சொல்லணும்.

தவக்காலத்துல நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தவுக நீங்க, எந்திரிக்கவே இல்ல. அதுலருந்து அக்காவுக்கு ஒரே ஆசை. உங்க சத்தத்தை ஒருக்காக் கேக்கணும். பட்டன் போனைப் பையில போட்டுக்கிட்டு "எனக்கு இது போதும்"னு திரிஞ்சீகள்ல? ஒரு வாய்ஸ் மெசேஜ் கெடையாது, ஒரு வீடியோ கெடையாது. கல்யாண வீடியோவுல நீங்க வாயைத் தொறக்குற எடத்துல எல்லாம் அந்தப் படுபாவி பாட்டைப் போட்டு அமுக்கி வச்சிருக்கான். மிச்சம் இருந்தது இந்தப் படம் ஒண்ணுதேன்.

அதனால வெளிய தெருவ போகாதவ, இஸ்திரி போட்ட சேலை கட்டிக்கிட்டு என்கூட தியேட்டருக்கு வந்தா. நீங்க என்ன பேசுவீகன்னு அவளுக்கு மனப்பாடம். ஒரு வாரமா அந்த வரியை வீட்டுல சொல்லிச் சொல்லிப் பாத்துட்டுல்ல போனீக! "சாரே, பெரியவர் காலையிலயே வந்துட்டாக. நீங்கதேன் பிந்திட்டீக." அம்புட்டுத்தேன்.

இடைவேளைக்கு முன்னாடி வந்தீக மச்சான். திரை முழுக்க உங்க மூஞ்சி. காலை வெயிலு கன்னத்துல விழுது, கண்ணைச் சுருக்கிக்கிட்டு நிக்கிறீக. பொய் சொல்லக் கூடாது, உங்களை அம்புட்டு அழகா எவனும் எடுத்ததில்ல. என் தூங்குமூஞ்சி டைரக்டரா இருந்தா ஜீப்புக்குப் பின்னால தூரத்துல புள்ளி மாதிரி நிறுத்தியிருப்பாரு. அக்கா என் கையை இறுக்கிப் பிடிச்சா. பின்னாடி நம்ம ஜீப் ஸ்டாண்டு ஆளுக விசிலடிச்சாக.

நீங்க வாயைத் தொறந்தீக. "ஏலே ஐயா! பெரியவுக விடியலுக்கே வந்துபுட்டாகல்லோ!"ன்னு எவனோ கத்துனான்.

அக்கா கையை எடுத்துட்டா. "இது யாருடி பேசுறது?"ன்னு கேட்டா. சத்தமாவே கேட்டா. "இது அவுக இல்லடி. அவுக மூஞ்சிக்குள்ள எவனையோ வச்சிருக்காக"ன்னு எந்திரிச்சவ, வாசலுக்குப் போயித்தேன் நின்னா.

மறுநாள் படக் கம்பெனிக்குப் போன் போட்டேன். அசிஸ்டெண்ட் டைரக்டர் ஒருத்தர் எடுத்தாரு.

"அவரு ஸ்லாங் சரியா வரலைங்க மேடம். 'சாரே'ங்கறது மலையாளம். எங்களுக்கு ஒரிஜினல் தேனி ஸ்லாங் வேணும்."

"அவுக பொறந்தது கம்பம், வளந்தது கம்பம், பொதைச்சது கம்பம். அவுக பேசுனது தேனிப் பேச்சு இல்லையா?"

"ஆடியன்ஸுக்கு அந்த மண்வாசனை வரணும்ல மேடம்."

"பேசுனவரு எந்த ஊரு?"

"தெரியலைங்க. எல்லா ஊரு ஸ்லாங்கும் பேசுவாரு."

கேட்டீகளா மச்சான்? உங்க மண்வாசனை பத்தலையாம்! எஸ்டேட்டுக்கு வண்டி ஓட்டுறவன் எவன் சாரேன்னு கூப்பிடாம இருக்கான்? வண்டியில ஏறுற பெரிய மனுசரை "ஏலே"ன்னா செருப்படிதேன் வாங்குவீக. வெள்ளைச் சட்டையை மடிச்சு விட்டுக்கிட்டு, அந்தப் படக்காரவுக நம்ம பேச்சைக் கேக்கணும்னு டீக்கடையில ஒரு வாரம் உக்காந்து நோட்டுல எழுதுனாகளே, இதைத்தேன் எழுதுனாகளா? த்தூ.

ஆனா திட்டுறதோட விடல. சூட்டிங் எடத்துலயே ஒரு பதிவு எடுப்பாகளாம், டப்பிங் பேசுறவுகளுக்கு வழிகாட்ட. அது வேணும்னு அடம் பிடிச்சேன். "சார்கிட்ட கேக்கணும்", "அடுத்த வாரம்", "அழிஞ்சிருக்கும்"னு இழுத்தடிச்சாக. நானும் தெனமும் கடையிலருந்து போன் போட்டேன். காய்ச்சலுக்கு மாத்திரை வாங்க வந்தவுக எல்லாம் நின்னு இந்தக் கதையைக் கேட்டுட்டுப் போனாக. கடைசியில சத்தம் பதிவு பண்ணுன ஆளே கூப்பிட்டாரு. "என் கம்ப்யூட்டர்ல கெடக்குக்கா, அனுப்புறேன்"னாரு. உங்க டைரக்டர் மூணு மாசமா செய்யாததை அந்த மனுசன் மூணு நிமிசத்துல செஞ்சாரு.

முந்தாநேத்து சாயங்காலம் அக்கா மாவாட்டிக்கிட்டு இருந்தா. கிரைண்டரை நிப்பாட்டச் சொல்லிட்டு அந்தப் பதிவைப் போட்டேன். முதல்ல ஜெனரேட்டர் எரைச்சல். பெறகு நீங்க. "சாரே, பெரியவர் காலையிலயே வந்துட்டாக. நீங்கதேன் பிந்திட்டீக." கொஞ்சம் நடுக்கம், கொஞ்சம் அவசரம், தொண்டையில அந்தக் கரகரப்பு. "ஓகே, கட்"னு எவரோ சொல்றாரு. அதோட முடிஞ்சதுன்னு நெனச்சேன். முடியல. மெதுவா, மைக்குக்குப் பக்கத்துல வந்து, அந்தச் சத்தம் பதிவு பண்ற ஆளுகிட்டக் கேக்குறீக:

"தம்பி, படத்துல என் சத்தம்தேன வரும்? வீட்டுல கேப்பாக."

அக்கா மாவுக் கையோட அப்படியே நின்னா. வீட்டுல நீங்க அவளை "இந்தா"ன்னும் "ஏ புள்ள"ன்னும் தவிர என்னைக்கு இப்படி மரியாதையாச் சொல்லியிருக்கீக?

"யாரைடி சொல்றாக, கேப்பாகன்னு?"

"உன்னையத்தேன்க்கா."

"என்னையவா?"ன்னா. கையைக் கழுவுனா, சேலையில தொடைச்சா, பக்கத்துல வந்து உக்காந்தா. "அந்தக் கடைசியை மட்டும் இன்னொருக்காப் போடு"ன்னா. நீங்க போன அன்னைக்கு அழுததுக்கு அப்பறம் அவ அப்பத்தேன் வாய்விட்டு அழுதா மச்சான்.

அவ போன்லயும் ஏத்திக் கொடுத்துட்டேன், என் போன்லயும் வச்சிருக்கேன். எந்தக் கொம்பன் டைரக்டர் வந்தாலும் சரி, இனிமே உங்க வாயில இன்னொருத்தன் பேச நான் விடமாட்டேன். இது சத்தியம்.

உங்க வீட்டுல இருக்காகளே, அவுகளுக்குத் தங்கச்சி,
உங்களுக்கு வாயாடிக் கொழுந்தியா,
சகாயமேரி