மூட்டுவலிப் பொடி

சுவேதா கண்ணு,

அன்றைக்குக் கடலூர் வீட்டுக் கூடத்தில் இருந்தது நீ, உன் அம்மா லோகநாயகி, உன் அப்பன் ராஜவேல், நான். சிதம்பரத்திலிருந்து அழுதுகொண்டே வந்தாய். மாத்திரை கலக்காத மூத்திரம் ஒன்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று, வலி மாத்திரையே தொடாத என்னிடம் வாங்கிப் போயிருந்தாய். அதிலும் மாத்திரை இருப்பதாகக் காட்டியதால், நீ கண்டுபிடித்த சோதனை முறையே தப்பு என்று உன் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் சார் சொல்லிவிட்டாராம்.

"ஓம உப்பையும் புதினா உப்பையும் கலந்தா எண்ணெயாட்டம் உருகும் ஆயா. மூத்திரத்துல இருக்கிற மாத்திரைய அதுவே இழுத்துக்கும், அதைப் பிரிச்செடுக்க விஷ ரசாயனமே வேணாம்" என்றாய்.

"பல்லுவலிக்கு வெக்கிறத வெச்சா இத்தனை வருஷம் படிச்ச?" என்று நானும் கிண்டல் செய்தேன். உன் அப்பன் தலை நிமிராமல் சாப்பிட்டான்.

உன் முறை தப்பில்லை. அவன் என் மூட்டுவலிப் பொடியில் மாத்திரையை இடித்துக் கலப்பதை நேற்றுக் கண்ணால் பார்த்தேன். கேட்டால், "நீ நடக்க முடியாம கெடக்கறத பாக்க முடியலம்மா" என்கிறான். மாத்திரை தின்றே சிறுநீரகம் கெட்டுச் செத்தார் உன் தாத்தா. அதனால்தான் நான் தொடுவதில்லை என்று அவனுக்குத் தெரியும்.

அதைக்கூட விட்டுவிடலாம். கோபப்படவும் தெம்பில்லை, வலி குறைந்ததும் நிஜம். பொடியில் கொஞ்சம் இதோடு மடித்து வைத்திருக்கிறேன். சோதித்துச் சாரிடம் காட்டு. படிப்பை விட்டுவிடாதே.

நீ அழுதபோது அவன் இரண்டாம் தரம் ரசம் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டான். எல்லாம் தெரிந்தும் வாய் திறக்கவில்லை. அதற்காக அவனை மன்னிக்க மாட்டேன், என் வயிற்றில் பிறந்த ராஜவேலை.

உன் ஆயா