மீன் தொட்டிக்குப் போன அலுமினா உருண்டைகளில் நான்கு கிலோ கோரி மனு

அனுப்புநர்:
முதுநிலை ஆய்வக உதவியாளர்,
வினையூக்கிப் பிரிவு, தரைத்தளம்.

பெறுநர்:
இணை இயக்குநர் அவர்கள்,
செயற்கை எரிபொருள் ஆய்வு நிலையம், இரண்டாம் தளம்.

பொருள்: வரவேற்பறை மீன் தொட்டிக்காக எடுத்துச் செல்லப்பட்ட வெள்ளை அலுமினா உருண்டைகளில் நான்கு கிலோவைத் திரும்பப் பெறுவது தொடர்பாக.

மதிப்புக்குரிய அம்மையீர்,

1. சென்ற திங்களன்று தாங்கள் திறந்து வைத்த மீன் தொட்டி மிக அழகாக உள்ளது. அடியில் பரப்பியிருந்த வெள்ளை உருண்டைகளைத் தாங்கள் பாராட்டியபோது முதலில் கைதட்டியவன் நான்தான். இரண்டாவது தட்டுக்குள் அவை எங்களுடையவை என்று தெரிந்துவிட்டது. என் கை பாதியில் நின்றதைத் தாங்கள் கவனித்திருக்கலாம்.

2. கோபால்ட் உப்பு வந்து சேரத் தாமதமானதால் உருண்டை மூட்டை மூன்று மாதம் கிடங்கில் சும்மா இருந்தது. தொண்ணூறு நாள் யாரும் கேட்காத பொருளை வேறு பிரிவு எடுக்கலாம் என்ற விதிப்படி அலுவலகக் கண்காணிப்பாளர் எடுத்துக்கொண்டார். அவர்மேல் தவறில்லை. எண்பத்தொன்பதாம் நாள் நான் ஒரு சீட்டு எழுதியிருந்தால் போதும், கோட்டை விட்டுவிட்டேன்.

3. வாயுவை டீசலாக்கும் வேலையைச் செய்வது கோபால்ட். ஆனால் அதற்கு உட்கார இடம் வேண்டும். உருண்டையின் நுண்துளைகளில்தான் அது பரவி உட்காரும். கோபால்ட் குடித்தனக்காரர், உருண்டை வீடு. இப்போது அந்த வீட்டில் மீன்கள் குடியேறியுள்ளன. வேறு வாங்கலாமே என்பீர்கள். போன வருடம் வேறு ரகம் வாங்கினோம். மூன்றாம் நாளே மாவாகி உலையின் குழாயை அடைத்தது. அதைக் கம்பியால் குத்திக் குத்தி எடுத்த எங்கள் பிரிவுத் தலைவருக்குத் தோள்பட்டை இன்னும் வலிக்கிறது.

4. மதிப்பீட்டுக் குழு முப்பதாம் தேதி வருகிறது. அதற்குள் இருபத்தொரு நாள் நிற்காமல் உலையை ஓட்டிக் காட்டாவிட்டால் பிரிவை மூடிவிடுவார்கள். நாங்கள் ஆறு பேரும் திசைக்கொருவராகப் போக வேண்டியதுதான். இவர்களை விட்டு வேறெங்கும் வேலை பார்க்க எனக்கு மனமில்லை. உருண்டைகள் ஐந்தாம் தேதிக்குள் கிடைத்தால், கோபால்ட் ஏற்றி, உலர்த்தி, சுட்டு, ஒன்பதாம் தேதி காலையில் ஓட்டிவிடுவோம்.

5. தொட்டியில் கிடப்பவை வேண்டாம். அவற்றில் தண்ணீரின் உப்பு ஏறிவிட்டது. மீதி மூட்டை, இரண்டாவது தொட்டிக்காகக் கண்காணிப்பாளரின் அலமாரியில் பத்திரமாக உள்ளது. நேரில் கேட்டேன். “அலங்காரப் பொருள்னு பதிவேட்டுல ஏத்தியாச்சு. மேடம் கையெழுத்து இல்லாம ஒரு உருண்டைகூட நகராது” என்று சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

6. ஆகவே, நான்கு கிலோவுக்கு மட்டும் ஒரு கையெழுத்துப் போட்டு உதவ வேண்டுகிறேன். பதிலுக்கு நான்கு கிலோ கூழாங்கல் நானே கழுவித் தருகிறேன். மின்சாரம் போனால் தொட்டியின் காற்றுப் பம்பை ஓட்டுவது பின்பக்க ஜெனரேட்டர்தான். எங்கள் உலை தரும் முதல் கேன் டீசல் அதற்கே என்று ஆறு பேரும் முடிவு செய்துள்ளோம். எனவே இம்மனுவுக்கு மீன்கள் தரப்பிலும் ஆட்சேபனை இராது.

தங்கள் கையெழுத்துக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
முதுநிலை ஆய்வக உதவியாளர்

இடம்: தரைத்தளம், மீன் தொட்டிக்கு எதிர் அறை
நாள்: மூன்றாம் தேதி, காலை

இணைப்பு: கழுவிய கூழாங்கல், மாதிரிக்கு ஒன்று.