பதில் மட்டும் சொல்லும் இயந்திரம்

செவ்வாய்க்கிழமை

இறந்தவர்களின் குரலில் பேசும் இயந்திரத்தைப் பற்றிய அந்த நாவலை முடித்துவிட்டேன். விண்கலம் வரும் பகுதிகள் அருமை. ஆனால் செத்துப்போன அண்ணன் அதில் பேசியதுமே கதாநாயகிக்கு மனம் ஆறிவிடுகிறது. அங்கேதான் எனக்கு எரிச்சல் வந்தது.

காலையில் திராட்சைத் தோட்டத்தில் காய் கிள்ளும்போது அம்மாவிடம் கதையைச் சொன்னேன். தம்பியைப் புதைத்த பிறகு அவள் எதையாவது காதுகொடுத்துக் கேட்டது இன்றுதான்.

“அதுவா நம்மள ஏதாச்சும் கேக்குமா ஆத்தா?” என்று என்னைக் கேட்டாள்.

“இல்லம்மா. நாம கேட்டா பதில் சொல்லும்.”

“அப்ப அது அவன் இல்ல. உள்ள நொழையும்போதே என்ன கொழம்புன்னு கேப்பான்ல.”

அடுத்த கொத்தைப் பிடித்துக் காய் கிள்ளத் தொடங்கினாள்.

ராத்திரி எனக்குச் சோறு போட்டுவிட்டு, வாசலைப் பார்த்து, “புளிக்கொழம்புதான்யா” என்றாள்.