அழாத பிள்ளை என்று பெருமை பேசினேன்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் தம்பி வீட்டாரும் நலம். உன் நலத்தை விசாரிக்க இந்த முறை கை கூசுகிறது கண்ணு, ஏன் என்று சொல்கிறேன்.

சலூனுக்குப் புது நாற்காலி வந்திருக்கிறது, உட்காருகிறவர்கள் எல்லாம் முடி வெட்டி முடிப்பதற்குள் குறட்டை விடுகிறார்கள். போன சனிக்கிழமை உன் தம்பி மனைவி தன் மகளை, அதுதான் நம் வாயாடியை, முடி வெட்டக் கூட்டிவந்தாள், திங்கட்கிழமை முதன்முதலாகப் பள்ளிக்கூடம். துணியைப் போர்த்தியதுதான் தாமதம், சீப்பு டப்பாவைத் தூக்கி எறிந்தது, கண்ணாடியில் விரிசல். ஊர்ப் பிள்ளைகள் அழுதால் முடி வெட்டும் மெஷினைக் கையில் கொடுத்துப் பயம் தெளிகிறவரை காத்திருப்பவன், சொந்தப் பேத்தியிடம் "வாயை மூடு, சத்தம் வரக்கூடாது" என்று கத்திவிட்டேன். அவள் அம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "கோபமா, பயமா?" என்று கேட்டாள். பிள்ளை தேம்பிக்கொண்டே, "பயம். ஸ்கூல்ல நீ இருக்க மாட்டியே" என்றது. "பயமா இருந்தா அழலாம்டா, எறியக் கூடாது" என்று மடியில் போட்டுக்கொண்டாள். பத்து நிமிடம் அழுதது, பிறகு தானே இறங்கிச் சீப்புகளைப் பொறுக்கிவிட்டு, "தாத்தா, இப்ப வெட்டு" என்றது. அழவிட்டால் அழுகை தானாக ஓயும் என்று இத்தனை வயதில் எனக்குத் தெரியவில்லை.

உனக்கு எட்டு வயதில் பக்கத்து வீட்டுச் சிநேகிதி வீடு மாறிப்போன அன்று சலூனுக்கு ஓடிவந்து அழுதாயே, ஆட்கள் முன்னால் மானம் போகிறது என்று துண்டு காயப்போடும் பின்னறையில் உன்னை விட்டு, அழுகை நின்றால்தான் வெளியே வரலாம் என்றேன். ஐந்தே நிமிடத்தில் முகம் கழுவிச் சிரித்துக்கொண்டு வந்தாய். "எம் பொண்ணு அழவே மாட்டா" என்று அதை வருடக்கணக்காகப் பெருமை பேசினேன்.

போன மாதம் உனக்குக் கரு கலைந்ததை உன் தம்பி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன், பதினோரு நாள் கழித்து. அதற்குள் இரண்டு தடவை என்னோடு பேசினாய், அம்மாவின் முழங்கால் வலியைக் கேட்டாய், "நான் நல்லா இருக்கேன்ப்பா" என்றாய். அந்தக் குரலை உனக்குப் பழக்கியவன் நான்தான் அம்மாடி. மன்னித்துவிடு என்று கேட்கக்கூட வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

இனி என்னிடம் நல்லா இருக்கேன் என்று சொல்லியாக வேண்டியதில்லை. பேச்சு வராவிட்டாலும் பரவாயில்லை, அழு, நான் போனைக் கையில் பிடித்துக்கொண்டு இருப்பேன்.

மாத்திரையை நேரத்துக்குப் போடு, மாப்பிள்ளையையும் அழவிடு, அவருக்கும் பிள்ளைதானே. நீங்கள் இருவரும் மனம் தேறி நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா